துப்பாக்கியைப் பற்றி வகுப்பில் பேசும்போது

நவம்பர் முதல் வாரம் வந்தால் என் வகுப்பில் சில நாற்காலிகள் காலியாகிவிடும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிற நேரம் அது. தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறையும் ஒரே வண்டியில் வடக்கே காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள் இங்கே வேட்டை உரிமம் வாங்க வேண்டுமானால் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். என் மாணவர்களில் பலர் அதை நடுநிலைப் பள்ளியிலேயே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அதே வகுப்பில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. துப்பாக்கி என்றால் இவர்களுக்கு, பள்ளிக்குள் யாராவது துப்பாக்கியோடு நுழைந்தால் என்ன செய்வது என்று பழகும் லாக்டவுன் ஒத்திகைதான் ஞாபகம் வரும். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சுவரோரமாக மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மாநிலச் சட்டப்படி ஆண்டுக்கு ஐந்து முறை. பாலர் பள்ளியிலிருந்து எண்ணிப் பாருங்கள், பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது ஒரு பிள்ளை எத்தனை முறை அப்படி உட்கார்ந்திருக்கும் என்று.

இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் வைத்துக் குடிமையியல் நடத்துவதுதான் என் வேலை. ஆண்டுதோறும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை விவாதப் பொருளாக எடுக்கிறேன். அதற்கு ஒரு வாரம் முன்பு பெற்றோருக்குக் கடிதம் போகும். போன அன்று மாலையே நம் ஊர்க்காரர் யாராவது ஒருவர் அழைப்பார். ஓர் ஆண்டு ஒரு தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், பொண்ணு நல்லாத்தான் பேசுவா. ஆனா இந்த விஷயத்துல நமக்கெதுக்கு வம்பு? கான்சாஸ்ல அந்தப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தோம்ல?"

அவர் சொன்னது ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லாவை. 2017 பிப்ரவரியில் ஓலேத் நகரில் ஒரு மதுக்கூடத்தில் நண்பரோடு உட்கார்ந்திருந்த இந்தியப் பொறியாளர். 'என் நாட்டை விட்டுப் போ' என்று கத்திக்கொண்டு வந்தவன் சுட்டுக் கொன்றான். அந்தத் தாயின் பயத்தை என்னால் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பயம் இருப்பதால்தான் இதைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த மதுக்கூடத்தில் ஒரு துப்பாக்கியும் இருந்தது, தோல் நிறத்தை வைத்து ஆளை முடிவு செய்த ஒரு தப்பெண்ணமும் இருந்தது. நம் பிள்ளைகள் இரண்டையும் பற்றிப் பேசக் கற்க வேண்டும்.

முதல் ஆண்டு நான் இதைத் தவறாகச் செய்தேன். நம் பள்ளிகளில் 'ஒட்டியும் வெட்டியும்' பேசி வளர்ந்தவள் நான். வகுப்பை இரண்டாகப் பிரித்து, நடுவராக நடுவில் நின்று, பேசட்டும் என்று விட்டேன். கைதட்டல் பலமாக இருந்தது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் அடுத்தவர் குரல் கொஞ்சம் ஏறியது. அப்புறம் ஒரு மாணவி வேட்டைக் குடும்பத்துப் பையனைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல சுடுறவங்க எல்லாம் உங்களை மாதிரி வீட்டிலிருந்துதானே வர்றாங்க" என்று சொன்னாள். அவன் முகம் சிவந்து போய் உட்கார்ந்துவிட்டான். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொன்று நடந்தது. முக்காடு அணிந்த ஒரு சோமாலி மாணவி, தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதம் வைத்திருக்கும் உரிமைக்காகப் பேசினாள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "நீ துப்பாக்கி வச்சுக்கிட்டா நாங்க பயப்பட வேண்டாமா?" என்றான். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வேட்டைக் குடும்பத்துப் பையன் அந்தப் பருவம் முடியும்வரை வகுப்பில் வாய் திறக்கவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. பிள்ளைகள் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே இல்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டின் வரலாறும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அதனால் இப்போது விவாதத்துக்கு முன் மூன்று நிகழ்வுகளைப் படிக்கக் கொடுக்கிறேன். 1956-இல் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அதன் பிறகு அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். 1967-இல் கலிஃபோர்னியாவில் பிளாக் பாந்தர் என்ற கறுப்பின அமைப்பினர் தங்கள் தெருக்களில் போலீசைக் கண்காணிக்க வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திச் சுற்றினார்கள். அன்று அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தக் கூடாது என்று உடனே மல்ஃபோர்டு சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் அப்போதைய ஆளுநர் ரொனால்ட் ரீகன்.

மூன்றாவது எங்கள் ஊர்க் கதை. 2016 ஜூலையில் செயின்ட் பால் நகருக்குப் பக்கத்தில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவரின் காரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். துப்பாக்கி வைத்திருக்க முறையான அனுமதி காஸ்டிலிடம் இருந்தது. தன்னிடம் ஆயுதம் இருக்கிறது என்பதை அவரே மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் சுடப்பட்டார். அவருடைய தோழியும் தோழியின் நான்கு வயது மகளும் அதே காரில் இருந்தார்கள். சுட்டவரை மறு ஆண்டு ஜூரி விடுவித்தது. காஸ்டில் ஒரு பள்ளி உணவகத்தில் வேலை பார்த்தவர். எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்கு மனப்பாடம். இதைப் படித்து முடிக்கும்போது வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். துப்பாக்கி உரிமை பேசுகிறவனுக்கும் இது சங்கடம், கட்டுப்பாடு கேட்கிறவளுக்கும் சங்கடம். அந்தச் சங்கடத்திலிருந்துதான் நல்ல பேச்சு தொடங்குகிறது.

நான் பின்பற்றும் முறை இதே மினசோட்டாவில், பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் உருவாக்கியது. நான்கு பேர் ஒரு குழு. இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். யாருக்கு எந்தப் பக்கம் என்பதை நான்தான் தருவேன். ஒரு பக்கம் பேசும்போது மறுபக்கம் குறிப்பு மட்டும் எடுக்கும், குறுக்கே பேசாது. பேசி முடித்ததும் மறுபக்கம் உடனே பதில் சொல்லக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர்கள் "ஆமாம், இதைத்தான் சொன்னோம்" என்று ஒப்புக்கொள்ளும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தை மாற்றிக்கொண்டு, சற்று முன் எதிர்த்ததையே ஆதரித்துப் பேச வேண்டும். கடைசியில் பக்கங்களை விட்டுவிட்டு, நால்வரும் எதில் ஒத்துப்போகிறார்கள் என்று எழுத வேண்டும். கைதட்டல் கிடையாது.

அந்தத் திருப்பிச் சொல்லும் கட்டத்தில்தான் நேரம் முழுக்கப் போகும். போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஒருமுறை ஒரு மாணவி, "நீங்க சொல்றது, துப்பாக்கியை யாரும் தொடக் கூடாதுன்னா உங்க தாத்தாவோட ஞாபகமும் போயிடும்ங்கிறது" என்றாள். எதிரே இருந்தவன் நான்காவது முயற்சியில்தான் தலையாட்டினான். தாத்தா பேச்சை அவன் எடுத்திருக்கவே இல்லை. அவன் சொல்லாததையும் அவள் கேட்டிருந்தாள். இன்னொரு குழுவில், தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த ஹ்மாங் இனத்து மாணவன் ஒருவன் இருந்தான். அவன் அப்பாவும் மான் வேட்டைக்குப் போகிறவர். காட்டில் மற்ற வேட்டைக்காரர்கள் தங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று அவன் சொன்னபோது, ஆண்டாண்டாக அதே காட்டுக்குப் போகும் ஒரு வெள்ளைக்காரப் பையன் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சட்டத்தையும் விடுவதில்லை. 2008 ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இரண்டு பக்கமும் தங்களுக்கு வேண்டியதை அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள், எடுக்கட்டும்.

கடைசிக் கட்டத்தில் ஆண்டுதோறும் எல்லாக் குழுக்களும் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. 2021-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல் தற்கொலை. இந்த எண்ணைப் பார்த்ததும் பேச்சு பள்ளித் தாக்குதலை விட்டு வீட்டு அலமாரிக்குத் திரும்பிவிடும். வேட்டைக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் முதலில் சொல்வார்கள்: பூட்டி வைக்கணும், தோட்டாவை வேறு இடத்தில் வைக்கணும், சாவி பெரியவங்ககிட்ட மட்டும் இருக்கணும். நகரத்துப் பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்வார்கள்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். துயரம் நடந்த வாரத்தில் விவாதம் கிடையாது. 2025 ஆகஸ்ட் 27 அன்று மினியாபொலிஸ் அனன்சியேஷன் தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகள் திருப்பலியில் இருந்தபோது சுட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சமயத்தில் பிள்ளைகளுக்கு வேண்டியது வாதம் இல்லை, பக்கத்தில் ஒரு ஆள். துப்பாக்கியால் யாரையாவது இழந்த மாணவர் வகுப்பில் இருந்தால் முன்கூட்டியே தனியாகக் கேட்டு, விருப்பமில்லை என்றால் காரணம் கேட்காமல் வேறு வேலை கொடுப்பேன்.

நம் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்காதீர்கள். பக்கத்தைக் கொடுத்தது நான். எதிரே உட்கார்ந்த பிள்ளை என்ன சொன்னது என்று கேளுங்கள். 'வெள்ளைக்காரன் எல்லாம் துப்பாக்கிப் பைத்தியம்', 'அந்த ஏரியாப் பக்கம் போகாதே, கறுப்பர்கள் இருக்கிறார்கள்' என்று சாப்பாட்டு மேசையில் நாம் போகிற போக்கில் சொல்வதும் தப்பெண்ணம்தான். அதைப் பிள்ளைகள் அப்படியே வகுப்புக்குக் கொண்டு வருகிறார்கள், நான் பார்க்கிறேன்.

அந்தத் தாய் கடைசியில் மகளை அனுப்பிவைத்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அழைத்தார். மகளின் தோழி வீடு வேட்டைக் குடும்பமாம். மகள் அங்கே இரவு தங்கப் போவதற்கு முன், துப்பாக்கியை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று அந்தத் தோழியின் அம்மாவிடமே நேராகக் கேட்டுவிட்டாராம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இவரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய் இரும்புப் பெட்டியையும் பூட்டையும் காட்டிவிட்டு, "இதை இதுவரைக்கும் யாருமே எங்ககிட்ட கேட்டதில்லை" என்றாராம்.