சட்டத்தில் பிஎச்.டி.: மதிப்பெண் இருக்கிறது, நெறியாளர் இருக்கிறாரா?

எல்.எல்.எம். (சட்ட முதுநிலைப் பட்டம்) முடித்துவிட்டு உயர் நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் யோசித்துக்கொண்டு நிற்பவர்களுக்காக இது. சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை என்று எங்கே விண்ணப்பித்தாலும் அடிப்படை விதி யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 ஒழுங்குமுறைதான்.

முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு. பிஎச்.டி.க்கு முந்தைய ஆய்வுப் பட்டமான எம்.ஃபில். இப்போது கிடையாது.

அப்புறம் நுழைவு. சில இடங்களில் பல்கலைக்கழகமே தேர்வு வைக்கும்; நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் வழியும் உண்டு. 2024 ஜூன் முதல் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்காதவர்களும் நெட் மதிப்பெண்ணை வைத்துப் பிஎச்.டி.க்கு வரலாம். சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. ஆனால் அந்த நெட் மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30. எல்.எல்.எம். பட்டதாரிகளுக்கு அதில் 3 ஆண்டு தளர்வு இருக்கிறது. நம் ஆட்கள் பலர் இதைக் கவனிக்காமல் வயது தாண்டிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

சரி, எல்லாம் இருந்தும் இடம் கிடைக்காமல் போவது எங்கே? கைடிடம், அதாவது நெறியாளரிடம்தான். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. பெயர் பெற்ற மூத்த பேராசிரியரை நம்பிக் காத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். துறைக்குப் போய் யாரிடம் காலியிடம் இருக்கிறது, அவர் எதில் வேலை செய்கிறார் என்று விசாரியுங்கள். அரசியலமைப்புச் சட்டக்காரரிடம் காப்புரிமைத் தலைப்பைக் கொண்டுபோனால் நேர்காணலிலேயே தடுமாற்றம்தான். "சைபர் சட்டம் பற்றி ஆய்வு" என்பது தலைப்பே ஆகாது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அதில் என்ன சிக்கல் என்று ஒரு பக்கத்துக்குள் சொல்லத் தெரிய வேண்டும்.

வேலை பார்ப்பவர்கள் பகுதிநேரமாகச் சேரலாம். ஆய்வுக்குப் போதுமான நேரம் தருவோம், கோர்ஸ் ஒர்க்குக்கு (தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) தேவைப்பட்டால் விடுவிப்போம் என்று அலுவலகம் தடையின்மைச் சான்று தர வேண்டும். அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள், அது செல்லாது.

குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னொரு 2 ஆண்டு, ஆக 10 வரை. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக மொத்தம் 240 நாள் விடுப்பும் பெண்களுக்கு உண்டு. கல்யாணமாகி ஊர் மாறும் பெண் ஆய்வாளர், அதுவரை சேர்த்த ஆய்வுத் தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகவும் விதி இடம் தருகிறது.