கிருமி மாண்டாலும் மாளாத நஞ்சு

2000-ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று, ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பால்தூள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. அந்நேரத்தில் இயந்திரங்களுக்குள் இருந்த பால், குளிராமலும் கொதிக்காமலும், கிருமிகளுக்கு உகந்த வெதுவெதுப்பில் தேங்கிக் கிடந்தது. மின்சாரம் திரும்பியதும் ஆலை வழக்கம்போல் இயங்கியது. பால் சூடாக்கப்பட்டது, அதிலிருந்த கிருமிகள் மாண்டன, பால் தூளாயிற்று. அத்தூளைச் சேர்த்து ஒசாகாவில் தயாரித்த கொழுப்பு குறைந்த பாலை ஜூன் மாத இறுதியில் குடித்தவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் அவதியுற்றனர். பாலிலும் தூளிலும் ஆய்வாளர்கள் கண்டது, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா சுரந்துவிட்டுப் போயிருந்த என்டரோடாக்சின் ஏ என்ற நஞ்சு. 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைச் சில நொடிகள் வீதம் இரண்டு முறையாவது கடந்து வந்த பின்னும் அது தன் ஆற்றலை முழுவதும் இழந்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் உட்கொண்ட நஞ்சு பெரும்பாலும் 20 முதல் 100 நானோகிராம் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம்.

கொதிக்க வைத்துவிட்டால் உணவு தூய்மையாகிவிடும் என்ற நம்பிக்கை பாதி மட்டுமே உண்மை. உயிருள்ள கிருமியே உடலுக்குள் சென்று பெருகி நோய் தருவது ஒரு வகை. சால்மோனெல்லாவும் லிஸ்டீரியாவும் இதற்கு எடுத்துக்காட்டு. கிருமி உணவிலேயே பெருகி நஞ்சைச் சுரந்து வைக்க, அந்த நஞ்சை நாம் உண்பது இன்னொரு வகை. முதல் வகையில் கிருமி குடலில் பெருகுவதற்குக் காலம் வேண்டுமாகையால் நோய் பெரும்பாலும் அரை நாளோ சில நாட்களோ கழித்தே தெரியும். இரண்டாவது வகையில் நஞ்சு ஆயத்தமாக இருப்பதால் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள்ளேயே வாந்தி தொடங்கிவிடலாம். ஆகவே நோயுற்றவர்களிடம் ஆய்வாளர்கள் என்ன உண்டீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், உண்டு எத்தனை மணி நேரத்தில் உடல்நிலை கெட்டது என்பதையும் தவறாமல் கேட்கிறார்கள். ஆய்வுக்கூட முடிவு வருமுன்பே அந்த ஒரு விடை குற்றவாளிகளின் பட்டியலைப் பெரிதும் சுருக்கிவிடும்.

வெப்பம் கிருமியை எப்படிக் கொல்கிறது என்பதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. சூடேறும்போது செல்லின் புரதங்கள் உருக்குலைகின்றன, சவ்வு சிதைகிறது. ஆனால் எல்லாக் கிருமிகளும் ஒரே கணத்தில் இறப்பதில்லை. குறிப்பிட்ட வெப்பநிலையில், குறிப்பிட்ட கால இடைவெளியில், இருப்பவற்றில் பத்தில் ஒன்பது பங்கு இறக்கிறது. அதே அளவு நேரம் மீண்டும் கழிந்தால் எஞ்சியவற்றில் பத்தில் ஒன்பது பங்கு இறக்கிறது. அந்த இடைவெளியை உணவு நுண்ணுயிரியலாளர்கள் டி-மதிப்பு என்கிறார்கள். பத்து லட்சம் கிருமிகளை ஒன்றாகக் குறைக்க ஆறு இடைவெளிகள் வேண்டும். பத்துக் கோடியாக இருந்தால் எட்டு வேண்டும். அதாவது, அடுப்பில் ஏற்றுமுன் உணவு எந்த நிலையில் இருந்தது என்பது அடுப்பின் வேலையைத் தீர்மானிக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு பாக்டீரியா, தடையேதும் இல்லையென்றால், ஏழு மணி நேரத்தில் 20,97,152 ஆகிவிடும். பெரும்பாலான கிருமிகள் இவ்வாறு பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் என்பதால்தான், சமைத்த உணவை அந்த இடைவெளியில் நெடுநேரம் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது.

நஞ்சுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நஞ்சு உயிரன்று, மூலக்கூறு. அதன் கட்டமைப்பு எவ்வளவு உறுதியோ அவ்வளவு வெப்பத்தைத் தாங்கும். ஸ்டஃபிலோகாக்கஸின் என்டரோடாக்சின் சிறிய, இறுக்கமாக மடிந்த ஒரு புரதம். சூட்டில் ஓரளவு அவிழ்ந்தாலும் ஆறும்போது அதன் ஒரு பகுதி பழையபடி மடிந்துகொள்ளக் கூடும். இரைப்பையின் செரிமான நொதிகளாலும் அதை எளிதில் வெட்ட முடிவதில்லை. அது வயிற்றுப் பகுதியிலுள்ள நரம்பு முனைகளைத் தூண்ட, மூளையின் வாந்தி மையத்துக்குச் செய்தி போகிறது.

பேசிலஸ் சீரியஸ் என்னும் மண் பாக்டீரியா சுரக்கும் செரியூலைடு இன்னும் பிடிவாதமானது. பன்னிரண்டு துண்டுகள் வளையமாகக் கோத்த இந்த மூலக்கூறில் அவிழ்வதற்கென்று மடிப்பு எதுவும் இல்லை; எனவே அழுத்தக் கொதிகலனின் 121 டிகிரி வெப்பமும் அதை எளிதில் அசைப்பதில்லை. வளையத்தின் நடுவில் பொட்டாசியம் அயனியைப் பிடித்துக்கொண்டு அது மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வைக் கடந்து சென்று, செல்லின் ஆற்றல் உற்பத்தியைக் குலைக்கிறது. வெந்த சோறு போன்ற மாச்சத்து மிகுந்த உணவு நெடுநேரம் அறை வெப்பத்தில் கிடந்தால் இந்த நஞ்சு அதில் சேரக் கூடும். அதன் பிறகு எத்தனை முறை சூடேற்றினாலும் பெரிய பயன் இல்லை.

பாட்டுலினம் நஞ்சின் கதை இதற்கு நேர்மாறானது. 1820-களின் தொடக்கத்தில் ஜெர்மன் மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர், வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன தொத்திறைச்சியை உண்டவர்களுக்கு வந்த பக்கவாதத்தை விரிவாகப் பதிவு செய்தார். தொத்திறைச்சிக்கான லத்தீன் சொல்லே பின்னாளில் நோயின் பெயராயிற்று. காரணம் புலப்பட்டது 1895-இல், பெல்ஜியத்தின் எல்செல் என்ற ஊரில். இழவு வீட்டுக்கு வந்த இசைக்குழுவினர் உப்புநீரில் ஊறிய பன்றி இறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்து எமில் வான் எர்மெங்கெம் பிரித்தெடுத்த பாக்டீரியாதான் இன்று கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் எனப்படுகிறது. காற்றில்லா இடத்தில் வளரும் அது சுரக்கும் நஞ்சு, நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் வெளிவராதபடி, அதற்குத் துணைநிற்கும் புரதங்களை வெட்டிவிடுகிறது. தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து இறுதியில் மூச்சும் நின்றுவிடலாம்.

நாம் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்றான இது, 85 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் செயலிழந்துவிடும். ஆனால் அதைச் சுரக்கும் பாக்டீரியாவின் ஸ்போர் என்னும் உறங்குநிலை வித்து, கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தும் பிழைக்க வல்லது. முந்திய நஞ்சுகளில் கிருமி சாகிறது, நஞ்சு நிற்கிறது. இங்கே நஞ்சு அழிகிறது, வித்து நிற்கிறது. டின்களில் அடைத்த உணவை 121 டிகிரியில் ஏறத்தாழ மூன்று நிமிடம் வைத்திருக்கும் தொழில்துறை விதி இந்த வித்தை மனத்தில் கொண்டு எழுந்தது. அவ்வெப்பத்தில் அதன் டி-மதிப்பு ஏறத்தாழ 0.21 நிமிடம், பன்னிரண்டு இடைவெளிகளுக்குச் சற்று மேல் சேர்த்து மூன்று நிமிடமாக்கினார்கள். அமிலத்தன்மையின் அளவான பிஎச் 4.6-க்குக் கீழே இருந்தால் வித்து முளைத்து வளர முடியாது என்பதால், புளிப்பான உணவுகளுக்கு அவ்வளவு கடுமையான வெப்பம் தேவைப்படுவதில்லை.

வித்துகளைப் பொறுத்தவரை சமையலே சில நேரம் எதிரிக்கு உதவுகிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் இதற்கு நல்ல சான்று. பெரிய பாத்திரத்தில் குழம்போ இறைச்சியோ வேகும்போது போட்டிக் கிருமிகள் மடிகின்றன, கரைந்திருந்த ஆக்சிஜன் வெளியேறுகிறது, வெப்பமோ உறங்கும் வித்துகளைத் தட்டி எழுப்புகிறது. பின்பு அந்தப் பாத்திரம் மெதுவாக ஆறினால், நடுவிலுள்ள உணவு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். உகந்த சூட்டில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிக்கும் இந்தக் கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. குடலை அடைந்து மறுபடி வித்தாக மாறும் வேளையில் அது நஞ்சை வெளியிடுகிறது. கிருமியாகவே உள்ளே போய் நஞ்சால் தாக்குவதால், மேலே சொன்ன இரு வகைகளுக்கும் நடுவிலான மூன்றாவது வகை இது. மிஞ்சிய உணவைச் சிறு பாத்திரங்களில் பிரித்து விரைவாகக் குளிரவைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

குளிர்ச்சியும் முழுக் காவல் தருவதில்லை. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரியிலும் மெதுவாக வளரும். 1981-இல் கனடாவில் லிஸ்டீரியா நோய் பரவியபோது, செம்மறியாட்டு எருவிட்டு விளைவித்துக் குளிர்கிடங்கில் வைத்திருந்த முட்டைக்கோஸில் தடம் முடிந்தது. லிஸ்டீரியா உணவு வழியாகப் பரவும் என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. நம் செல்லுக்குள் புகுந்தபின் அது அங்குள்ள ஆக்டின் புரதத்தையே வாலாகக் கட்டிக்கொண்டு, அதன் உந்துதலால் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குள் நேராக நுழைகிறது. அதனால் இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள்களின் கண்ணில் அது படுவதே அரிது. கருவுற்ற பெண்களுக்கு இக்கிருமி குறித்துத் தனி எச்சரிக்கை தரப்படுவது, நஞ்சுக்கொடியையும் கடந்து அது கருவை எட்ட வல்லது என்பதால்.

இதுவரை சொன்னவை எல்லாம் மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ வெளிப்படுபவை. பூஞ்சை நஞ்சு ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் இறந்தன. பெயர் தெரியாத அந்த நோயை வான்கோழி எக்ஸ் நோய் என்றார்கள். பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையும், புற ஊதா ஒளியில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும் சேர்மங்களும் இருந்தன. அஃப்லடாக்சின் பி, அஃப்லடாக்சின் ஜி என்ற பெயர்கள் அந்த நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து வந்தவை. பி வகையில் ஒன்றான பி1 நேரடியாகத் தீங்கு செய்வதில்லை. நஞ்சை முறிக்க முயலும் கல்லீரல் நொதிகளே அதை வினைத்திறன் மிக்க எப்பாக்சைடாக மாற்றிவிடுகின்றன, அது டி.என்.ஏ-வின் குவானினோடு ஒட்டிக்கொண்டு, புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிழையை உண்டாக்குகிறது. காப்பவனே காட்டிக்கொடுப்பது போன்ற இந்த வினையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை. ஹெபடைட்டிஸ் பி தொற்றும் உள்ளவருக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு பன்மடங்கு கூடுகிறது. வறுப்பது அஃப்லடாக்சினை ஓரளவு குறைக்குமே தவிர முற்றிலும் நீக்காது. நஞ்சேறிய தீவனத்தை உண்ட மாட்டின் பாலில் அது எம்1 என்ற வேறு வடிவில் வருகிறது.

இந்த நஞ்சு குவியல் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை என்பது ஆய்வாளர்களுக்கு நெடுநாள் தலைவலி. பல்லாயிரம் மணிகள் கொண்ட மூட்டையில் மிகச் சில மணிகளில் மட்டும் நஞ்சு செறிந்திருக்கும். கையில் எடுத்த மாதிரியில் அவை விழாவிட்டால் மூட்டை தூய்மையானது என்று சான்று பெற்றுவிடும். இறுதிப் பொருளைச் சோதித்துப் பாதுகாப்பை உறுதி செய்வதில் உள்ள இந்தக் குறை, 1960-களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தவர்களுக்கும் தெரியவந்தது: நம்பும் அளவுக்குச் சோதித்தால், தயாரித்ததில் பெரும்பகுதி சோதனைக்கே செலவாகிவிடும். ஆகவே தயாரிப்பின் எந்தப் படியில் என்ன ஆபத்து நுழையும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து, அந்தப் படியின் வெப்பத்தையும் நேரத்தையும் அமிலத்தன்மையையும் தொடர்ந்து அளந்து பதியும் முறையை உருவாக்கினார்கள். ஹெச்ஏசிசிபி (ஆபத்துப் பகுப்பாய்வும் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இன்று உணவுத் தொழிலில் வழங்குவது அதுவே.

உலக சுகாதார அமைப்பு 2015-இல் 31 வகை ஆபத்துகளைக் கணக்கிட்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்ட உணவால் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். நோய் பரவிய பின் மூலத்தைத் தேடுவதில் மரபணுத் தொகுதியை முழுதாகப் படிக்கும் நுட்பம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்துள்ளது. நோயாளியிடம் எடுத்த கிருமியும் ஆலையில் எடுத்த கிருமியும் ஒரே குடும்பமா என்பதை அது கிட்டத்தட்ட ஐயமின்றிச் சொல்கிறது. ஆனால் அதற்குக் கிருமி கிடைக்க வேண்டும். ஹொக்கைடோவில் நடந்தது போலக் கிருமி வெந்து மாண்டு நஞ்சு மட்டும் எஞ்சிய உணவில், அந்த நஞ்சையே பிடிக்கும் எதிர்ப்பொருள் சோதனையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: எதிர்ப்பொருள் அடையாளம் காண்பது புரதத்தின் வடிவத்தை. சூட்டில் வடிவம் சற்றே மாறிய என்டரோடாக்சின் சோதனைக்குப் புலப்படாமல் போய், உண்டவரின் வயிற்றில் மட்டும் வேலை செய்யக் கூடும். அதனால் சூடேற்றிய உணவின் சாற்றை யூரியாவில் ஊறவைத்துப் புரதத்தை முழுவதும் அவிழ்த்து, பின்பு யூரியாவை நீக்கிப் பழைய வடிவில் மடியச் செய்து, அதன் பிறகே எதிர்ப்பொருளோடு சேர்த்துப் பார்க்கும் முறையையும் ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள்.