எலக்ட்ரிக் பிரஷ் யாருக்கு வேண்டும்?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கிவரும் சாமான்களில் எலக்ட்ரிக் பிரஷ்ஷும் சேர்ந்துவிட்டது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அப்படி ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், முதலில் சார்ஜரின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், நம் ஊர் பிளக்கில் பொருந்தச் செய்யும் பின் மாற்றி (அடாப்டர்) ஒன்றே போதும். 110–130 என்றிருந்தால் அது அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் செருகினால் கருகிப்போகும்; பின் மாற்றி வோல்டேஜைக் குறைக்காது. சிங்கப்பூர், மலேசியாவில் வாங்கியதற்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, அங்கேயும் 230தான்.

இனி, இதற்குப் பணம் போடலாமா என்ற கேள்வி. பல்லில் ஒட்டும் வெண்படலம் என்பது தாங்களே சுரந்த பசைக்குள் குடியிருக்கும் கிருமிக் கூட்டம். கொப்பளித்தால் போகாது, உரசித்தான் கலைக்க வேண்டும். கலைக்காமல் விட்டால் எச்சிலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் ஏறி, சில நாட்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். இறுகிய காரையை எத்தனை ஆயிரம் ரூபாய் பிரஷ்ஷாலும் பெயர்க்க முடியாது. பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் செய்துகொள்ள வேண்டியதுதான்.

சந்தையில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் சிறிய வட்டத் தலை இடமும் வலமுமாக அரைகுறையாகச் சுழலும்; பரவலாக விற்கும் மாடல்களில் நிமிடத்துக்கு 8,800 முறை. மற்றது சோனிக். நீளத் தலை நிமிடத்துக்கு சுமார் 31,000 முறை வீசும். போவதை ஒன்று, வருவதை ஒன்று என்று எண்ணிய கணக்கு அது; அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 260 தடவை போய்வரும் அதிர்வு. காதுக்குக் கேட்கும் அலைவரிசை என்பதால் அந்தப் பெயர். ஒலி வந்து பல்லைச் சுத்தம் செய்வதில்லை, பிரஷ்ஷின் முடி தொட்டு உரசுவதுதான் வேலை செய்கிறது. இந்த எண்களை ஒப்பிட்டு வாங்குவதில் பயனில்லை. இரண்டின் அசைவும் வேறு.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, சாதா பிரஷ்ஷோடு ஒப்பிட்டால் மின் பிரஷ் படலத்தை முதல் 3 மாதங்களில் 11 சதவீதமும் அதற்குப் பிறகு 21 சதவீதமும் கூடுதலாகக் குறைத்ததாகச் சொல்கிறது. ஈறு வீக்கத்தில் அதே வித்தியாசம் 6, 11 சதவீதம். உண்மையான பலன்தான், ஆனால் நடுத்தரமானது. நெடுநாளில் பல்லுக்கு என்ன நன்மை என்பது அதில் உறுதியாகவில்லை. ஆகவே, நன்றாகத் துலக்கத் தெரிந்து, 2 நிமிடம் பொறுமையாகத் துலக்குபவர் அந்தப் பணத்தை ஸ்கேலிங்குக்கும் பல்லிடுக்கு பிரஷ்ஷுக்கும் வைத்துக்கொள்வது மேல்.

வேறு சிலருக்கு இது நிச்சயம் தேவை. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள் பலருக்கு விரல் மூட்டு வீங்கிப் பிரஷ்ஷைப் பிடித்து ஆட்ட முடியாது. மின் பிரஷ்ஷின் தடித்த கைப்பிடியை அசையாமல் பிடித்தாலே போதும். பக்கவாதம் வந்தவருக்கும், படுக்கையில் இருப்பவருக்குத் துலக்கிவிடுபவருக்கும் இது பெரிய உதவி. பல்லுக்குக் கம்பி கட்டியவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெற்றிலை பாக்குப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய சிவப்புக் கறையை எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது. நெடுநாள் பாக்கு மென்றவர்களுக்கு வாயின் உள்தோல் இறுகி வாய் திறப்பு சுருங்கும். அப்போது சிறிய வட்டத் தலை உள்ளே போக வசதிதான். ஆனால் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே வைக்க முடியவில்லை என்றால் பிரஷ் வாங்குவதைத் தள்ளிவைத்து உடனே மருத்துவரிடம் போங்கள். அந்த நிலை புற்றுநோயாக மாறக்கூடியது.

கெடுவது பெரும்பாலும் கைப்பழக்கத்தால்தான். சாதா பிரஷ் போலவே இதையும் தேய்த்தால் முடி நசுங்கி நின்றுவிடும், ஈறும் தேயும். முடியை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் வைத்து, பல்லுக்கு 2, 3 வினாடி நிறுத்தி நகர்த்துங்கள். வாயை நான்கு பாகமாக்கி, பாகத்துக்கு 30 வினாடி, உள்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். 3 மாதத்துக்குள் முடி விரிந்துவிட்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். அதனால்தான் அழுத்தினால் எச்சரிக்கும் வசதியும் டைமரும் உள்ள மாடலை வாங்கச் சொல்கிறோம். புளூடூத், செயலி எல்லாம் தேவையில்லை. உமிக்கரியையும் சொரசொரப்பான பல்பொடியையும் இதோடு சேர்க்கவே கூடாது, எனாமல் தேயும். துலக்கி முடித்ததும் தலையைக் கழற்றிக் கழுவி, தண்டையும் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அங்கே பேஸ்ட் தங்கிக் கருப்பாகப் பூசணம் பிடிக்கும்.

தண்ணீரைப் பீய்ச்சும் வாட்டர் ஃபிளாசர் பிரஷ்ஷுக்கு மாற்று ஆகாது. இடுக்கில் தங்கிய துணுக்கை அது எடுக்கும், ஈறில் ரத்தக் கசிவைக் குறைக்க உதவும். பல் முகப்பில் ஒட்டிய படலத்தைத் துலக்கித்தான் எடுக்க வேண்டும். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றின் நல்ல தண்ணீர் வாய்த்திருக்கிறது. ஆனால் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் சுண்ணாம்பு படிந்து முனை அடைத்துக்கொள்ளும், பீய்ச்சும் வேகம் குறையும். வடிகட்டிய தண்ணீரை ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 30 முதல் 60 மில்லி வெள்ளை வினிகர் கலந்து, பாதியை ஓடவிட்டு நிறுத்தி, 20 நிமிடம் கழித்து மீதியையும் ஓடவிட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

வாங்குமுன் ஒரு கணக்கு. ஆளுக்கு வருடத்துக்கு 4 தலை மாற்ற வேண்டும். அந்தத் தலை உள்ளூர்க் கடையிலோ ஆன்லைனிலோ தொடர்ந்து கிடைக்கிறதா, நான்கின் விலை எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு கைப்பிடியின் விலையைக் கேளுங்கள்.