சோப்பு போடுற பாக்டீரியா

"சோப்பு பாக்டீரியாவைக் கொல்லும்னு சொல்றீங்க, அப்புறம் மண்ணுல இருக்குற பாக்டீரியாவே சோப்பு மாதிரி ஒண்ணு தயாரிக்குதுன்னும் சொல்றீங்க, அது மட்டும் சாகாதா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கேள்வி சூப்பர்.

ஒரு முனைக்குத் தண்ணி பிடிக்கும், இன்னொரு முனைக்கு எண்ணெய் பிடிக்கும், ஸ்கூல்ல படிச்ச அதே சோப்பு மூலக்கூறு கதைதான். இதை உயிருள்ள செல் செஞ்சா பயோசர்ஃபாக்டன்ட். பாசிலஸ் சப்டிலிஸ்ங்கிற மண் பாக்டீரியா செய்யுறதுக்குப் பேரு சர்ஃபாக்டின், 1968ல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சது. ஏழு அமினோ அமிலம் சேர்ந்த வளையம், அதோட ஒரு கொழுப்பு வால், அவ்வளவுதான். ஆனா வேலை பயங்கரம். தண்ணியோட பரப்பு இழுவிசை 72 மில்லிநியூட்டன்/மீட்டர், லிட்டருக்கு சுமார் 20 மில்லிகிராம் சர்ஃபாக்டின் போட்டா 27க்கு வந்துடும்!

சரி, இந்தச் சோப்பு பாக்டீரியாவுக்கு எதுக்கு? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஈரமான அகர் தட்டு (லேப்ல பாக்டீரியா வளர்க்குற ஜெல்லித் தட்டு) மேல ஒரு பாக்டீரியா உக்காந்திருக்குன்னு வைங்க. அதைச் சுத்தி மெல்லிசா ஒரு தண்ணிப் படலம், அந்தப் படலத்தோட இழுவிசை பாலித்தீன் ஷீட்டை இழுத்துப் போத்தின மாதிரி அதை அமுக்கிப் பிடிச்சிருக்கும், வால் இருந்தும் நகர முடியாது. கூட்டம் சேரட்டும்னு காத்திருக்கும். ஒண்ணுக்கொண்ணு கெமிக்கல் சிக்னல் விட்டுக்கிட்டு, போதுமான ஆள் சேர்ந்ததும் சர்ஃபாக்டின் விடும். தட்டைச் சாய்ச்சு வெளிச்சத்துல பார்த்தா, கூட்டத்துக்கு முன்னாடி பளபளன்னு ஒரு வளையம் ஓடும், அதுக்குப் பின்னாடியே படை திரண்டு வந்து சில மணி நேரத்துல தட்டையே பிடிச்சுடும். தனக்குத் தானே ரோடு போட்டுக்கிட்டுப் போகுது!

இதுல ஒரு கூத்து. பாசிலஸ் சப்டிலிஸ்ல லேப்ல எல்லாரும் வளர்க்குற 168ங்கிற வகைக்கு இந்தச் சோப்பு வராது. செய்யுற மெஷினரி ஜீன் எல்லாம் அப்படியே இருக்கு, அதை ஆன் பண்ற ஜீன்ல ஒரு எழுத்து கூடுதலா வந்து கெட்டுப்போச்சு. அதைச் சரி பண்ணினா சோப்பு திரும்ப வரும், படர்றதுக்கு இன்னொரு ஜீனும் சரியாகணும். சொகுசா வளர்ந்து காட்டுப் புத்தியை மறந்துடுச்சுன்னு வைங்க. இந்த மாதிரி விஷயத்தைத் தோண்ட ஆராய்ச்சிப் பணம் கேட்டா "இதனால என்ன பயன்"ன்னு முதல் கேள்வியே வரும், எனக்கு அதுலதான் கடுப்பு.

கேட்டவர் கேள்விக்கு வருவோம். சர்ஃபாக்டின் செல் சவ்வை நிஜமாவே உடைக்கும், ரத்தச் சிவப்பணுவைக் கூட உடைக்கும். அதனால உள்ள சேராம வெளிய தள்ள பாக்டீரியா ஒரு தனி பம்ப் வெச்சிருக்கு.

பயன்? சூடோமோனாஸ் ஏருஜினோசாங்கிற பாக்டீரியா தர்ற ராம்னோலிப்பிட்ங்கிற இன்னொரு பயோசர்ஃபாக்டன்ட், மண்ணுல ஒட்டின எண்ணெயைக் குட்டிக் குட்டித் துளியா உடைக்கும், எண்ணெய் தின்னுற மத்த பாக்டீரியாவுக்கு வாய்க்கு எட்டும். காட்மியம், ஈயத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். பயிரைத் தாக்குற பித்தியம் மாதிரி, பூஞ்சை போல இருக்குற உயிரிகளோட நீந்துற வித்துகளுக்குச் செல் சுவர் கிடையாது, ராம்னோலிப்பிட் பட்டதும் வெடிச்சுடும். இதைக் கேட்டுட்டு "ஒரு பாட்டில் ஊத்துங்க, மண் மொத்தமும் சுத்தம்"னு விக்குறவங்களை மட்டும் நம்பிடாதீங்க, எந்த எண்ணெய், எந்த மண்ணுன்னு கேக்காம விக்குறது மந்திரத் தாயத்துக்குச் சமம்.

ஏருஜினோசா மனுஷனுக்கு நோயும் தரும்ங்கிறதால, அதோட ஜீனை சாதுவான சூடோமோனாஸ் புட்டிடாவுக்கு மாத்தி தயாரிக்கிறாங்க. இன்னொரு தலைவலி நுரை. பாக்டீரியாவுக்குக் காத்து ஊதணும், சோப்புக் கரைசல்ல ஊதினா என்ன ஆகும்னு தெரியும்ல, டேங்க் பொங்கி வழிஞ்சு ஃபில்டர் அடைச்சுக்கும். அப்புறம்தான் பொங்குறதை அடக்காம வெளிய விட்டுட்டு, அந்த நுரையையே பிடிச்சு, அடங்க விட்டு, அதுலேர்ந்தே சோப்பை எடுக்க ஆரம்பிச்சாங்க, ஏன்னா சர்ஃபாக்டின் பெரும்பாலும் அந்த நுரையிலதான் சேர்ந்திருக்கு.