மயக்க ஊசியா, மரப்பு ஊசியா?

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரியில் மலையாளம். தங்கைக்கு சிசேரியன் என்று முடிவானதும் அம்மா கலங்கிப் போனார். "மயக்க ஊசி போடுவாங்களாமே, பிள்ளை பிறக்கிறதே இவளுக்குத் தெரியாதே" என்றார். நர்ஸ் தங்கையின் தோளைத் தொட்டு, "அரைக்குத் தாழெ மரவிக்கும், பேடிக்கண்டா" என்றார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், பயப்பட வேண்டாம் என்று பொருள். அரைஞாண் கயிற்றில் நாம் இன்னும் வைத்திருக்கும் அதே 'அரை'தான். 'மரவிக்கும்' என்பதும் நம்முடைய 'மரத்துப்போகும்' என்பதற்கு உடன்பிறப்பு. அம்மா பயந்த சொல் தவறு, நர்ஸ் சொன்ன சொல் சரி.

மயங்குதல் என்றால் கலத்தல் என்றும் பொருள். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்று இலக்கணத்தில் படித்திருப்போம். அறிவு கலங்கி நினைவு தப்புவதும் அப்படித்தான் மயக்கம் ஆயிற்று. 1846-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஈதர் என்ற மருந்தின் ஆவியை முகரவைத்து அறுவை செய்தபோது நோயாளி நினைவு மங்கிக் கிடந்தார். அதற்கு மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் சொன்ன பெயர்தான் அனஸ்தீசியா. கிரேக்கத்தில் 'அன்' என்றால் இல்லை, 'ஐஸ்தேசிஸ்' என்றால் உணர்வு. நினைவு போக வேண்டும் என்று அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. ஈதருக்கு மயக்கம் என்ற தமிழ் பொருந்தியது, சரி. ஆனால் 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்ற மருத்துவர் முதுகுத்தண்டின் நீரில் கோகெய்ன் செலுத்தி, கீழ் உடலை மட்டும் மரக்கச் செய்து அறுவை செய்தார். அதையும் நாம் மயக்கம் என்றே அழைத்துவிட்டோம்.

மரத்தல் என்பது மரம்போல் ஆவது. சம்மணமிட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போனால், கிள்ளினால் வலிக்காது, ஆனால் ஏதோ அழுத்துவது தெரியும். சிசேரியன் மேசையிலும் இதுதான் நடக்கிறது. இழுப்பது, அழுத்துவது தெரியும், வலி தெரியாது. அதனால்தான் 'உணர்விழப்பு' என்ற புத்தகச் சொல்லைவிட மரப்பு எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பல் பிடுங்கும்போது 'மரத்துப்போற ஊசி' என்று நாமே சொல்கிறோமே! அப்புறம் பிரசவத்துக்கு மட்டும் ஏன் மயக்கம்? தண்டுவட மரப்பு என்றும், பேச்சில் மரப்பு ஊசி என்றும் சொல்லலாம். ஒரு விளக்கம்: ஊசி தண்டுவடத்தைக் குத்துவதில்லை. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, நரம்புகள் மிதக்கும் நீரில்தான் மருந்து சேர்கிறது.

மரக்கச் செய்யும் மருந்துகளின் பெயரில் வரும் 'கெய்ன்' கோகெய்னின் வால். கோகா இலையிலிருந்து வந்த பெயர் அது. இப்போது கோகெய்னை இதற்குத் தொடுவதில்லை. லிடோகெய்ன் விரைவில் வேலை செய்யும், ஆனால் பிறகு சிலருக்கு இடுப்பிலும் காலிலும் சில நாள் வலி வந்ததால் முதுகு ஊசியில் அதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். சிசேரியனுக்கு அதிகம் கைகொடுப்பது பியூபிவக்கெய்ன். மருத்துவமனையில் 'ஹெவி' என்பார்கள். 0.5 சதவீத மருந்தோடு 8 சதவீத குளுக்கோஸ் கலந்திருப்பதால் அது தண்டுவட நீரைவிடக் கனம், படுக்கவைக்கும் வாகுக்கேற்பக் கீழ்நோக்கி இறங்கும். சுமார் 2 மில்லியே போதும். தமிழில் கனமருந்து எனலாம். ரோபிவக்கெய்ன் அதே அளவில் வீரியம் குறைந்தது, அதனால் கூடுதலாகப் போட வேண்டும். ஆனால் கால் சீக்கிரம் அசையத் தொடங்கும். லெவோபியூபிவக்கெய்னில் 'லெவோ' என்றால் இடம். பியூபிவக்கெய்னில் கலந்திருக்கும் இடக்கை, வலக்கை போன்ற இரு வடிவங்களில் இடப்பக்கத்தது மட்டும் அதில் இருக்கும். இதயத்துக்கு அதனால் ஆபத்து குறைவு என்பார்கள். முதுகில் போடும் சிறு அளவில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

எந்த மருந்தானாலும் மரப்பு மார்புக் காம்பு மட்டம் வரை ஏற வேண்டும். தங்கைக்கு ஸ்பிரிட் பஞ்சை வயிற்றிலிருந்து மேலே ஒற்றிக்கொண்டே வந்து, "தணுப்புண்டோ?", அதாவது குளிருதா, என்று கேட்டாராம் டாக்டர். நெஞ்சருகே வந்தபோதுதான் இவள் 'ஆமாம்' என்றிருக்கிறாள்.

அன்று மாலை அம்மா ஊருக்குப் போன் செய்து சொன்னார்: "மயக்கமெல்லாம் இல்ல, மரத்துப்போகத்தான் ஊசி. பிள்ளை அழுததை அவளே கேட்டாளாம்."