ஹைவேயில் மைலேஜைத் தின்பது காற்று

பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்த மறுவாரம் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் கார்களில் பலவற்றுக்கு ஒரே புகார்தான். "சென்னைக்குப் போய்ட்டு வந்தேண்ணே, பதினாலுக்கு மேல தரவே இல்ல. இன்ஜின்ல ஏதோ இருக்கு, பாருங்க." ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எவ்வளவு வேகத்தில் போனீர்கள் என்று கேட்டால், "ரோடு காலியா இருந்துச்சு, நூத்திப்பத்து, நூத்திருபதுலயே வந்தேன்" என்று பதில் வரும். கோளாறு அங்கேதான் இருக்கிறது. அது தெரியாமல் இன்ஜெக்டர் கிளீனிங், அந்த ஆயில், இந்த ஆயில் என்று பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஊருக்குள் ஓட்டும்போது பெட்ரோலைக் குடிப்பது நின்று நின்று கிளம்புவது. ஹைவேயில் கதையே வேறு. 60, 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் இன்ஜினின் உழைப்பில் பெரும்பங்கு எதிரே இருக்கும் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. வேகம் ஒரு மடங்கு கூடினால் காற்றின் எதிர்ப்பும் ஒரு மடங்குதானே கூடும் என்று நினைப்போம். அப்படி இல்லை, அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-ல் போகும்போது இருக்கும் எதிர்ப்பு 100-ல் ஒன்றரை மடங்குக்கும் மேல். 120-ல் இரண்டேகால் மடங்கு. எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இதற்கு நாம் கொடுக்கும் விலைக்கு ஈடாக எவ்வளவு நேரம் கிடைக்கிறது? திருச்சியிலிருந்து சென்னை சுமார் 330 கிலோமீட்டர். சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று வரிசையாக டோல்கேட். நடுவில் பாலம் வேலை, ஊர் சந்திப்பு, தாம்பரத்துக்கு முன்பே தொடங்கும் நெரிசல். மனம்போல வேகம் போகக்கூடிய தூரம் 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100-ல் போனால் 2 மணி நேரம், 90-ல் போனால் 2 மணி 13 நிமிடம். ஒரு டீக்கு நிறுத்தினாலே அந்த 13 நிமிடம் போய்விடும். காற்றின் எதிர்ப்போ 19 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது 80 முதல் 90 வரை, டாப் கியரில், இடது பக்க லேனில். அதற்கும் கீழே போனால் மைலேஜ் இன்னும் கூடும்தான். ஆனால் நாலுவழிச் சாலையில் 50-ல் ஊர்ந்தால் பின்னால் வருகிற வண்டிக்கு ஆபத்து, அதை நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டிக்குத் தெரிவது ஸ்பீடோமீட்டர் வேகம் அல்ல, முகத்தில் மோதும் காற்றின் வேகம். ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போய்ப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே அடித்தால், நீங்கள் போகும் 90 உங்கள் காருக்கு 120. போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது ஒரு மைலேஜ் கிடைத்தால் பதற வேண்டாம். கோவையிலிருந்து பாலக்காடு போகும் சாலையிலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இதே நிலைதான். அன்றைக்கு மட்டும் 10 குறைத்து ஓட்டுங்கள்.

மேலே கேரியர் மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கார்த்திகை மாதம் சபரிமலைக்குப் போவதற்காகக் கேரியர் போடுவார்கள். மாலை கழற்றிய பிறகும் அது ஆனி வரை மேலேயே கிடக்கும். கூரைமேல் பெரிய பெட்டி வைத்தால் மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் மைலேஜ் 10 முதல் 25 சதவீதம் வரை குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் தளமே சொல்கிறது. காலிக் கேரியர் அந்த அளவுக்குத் தின்னாது, ஆனால் சும்மாவும் இருக்காது. வண்டி ஓடும்போது மேலே விசில் சத்தம் கேட்டால் அதற்கும் உங்கள் பெட்ரோல்தான் செலவாகிறது. முடிந்தவரை சாமானை டிக்கிக்குள் வையுங்கள். ஹைவே வேகத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவதும் இதே காரணத்தால் நல்லதல்ல. ஏசியைப் போட்டுக்கொள்ளுங்கள், வெயிலில் வேர்த்து ஓட்டுவதால் தூக்கம்தான் வரும்.

அப்புறம் பிரேக். 1,200 கிலோ எடையுள்ள கார் 100-ல் இருந்து நின்று, மறுபடி 100-ஐத் தொடுவதற்கு ஏறக்குறைய 50 மில்லி பெட்ரோல் போகும். டீக்கடை கிளாஸில் பாதி. அப்படி 20 தடவை செய்தால் ஒரு லிட்டர். நிற்கவே இல்லை, 40-க்குத்தான் குறைத்தேன் என்றாலும் அந்த நஷ்டத்தில் ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் வந்துவிடுகிறது. டோல்கேட் தூரத்திலேயே தெரிகிறது. அரை கிலோமீட்டர் முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின்கள் பெட்ரோலையோ டீசலையோ முழுசாக நிறுத்திவிடும். வண்டி தன் ஓட்டத்திலேயே உருண்டு போகும்.

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. கார்புரேட்டர் காலத்தில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது. இப்போதைய வண்டியில் நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் ஓடிக்கொண்டே இருக்கும், கியரில் இருந்தால் நின்றுவிடும். மிச்சம் ஒன்றும் இல்லை, உயிருக்கும் ஆபத்து. இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கிங் இல்லாமல் முழு பாரமும் பிரேக்மேல் விழுகிறது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாயில் நடந்த லாரி விபத்துகள் பலவற்றுக்கு நியூட்ரலில் இறங்கியதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். லாரிக்கு ஒட்டிப் பின்னாலேயே போனால் காற்று அடிக்காது, மைலேஜ் வரும் என்று வீடியோ போடுகிறார்கள். காற்று குறைவது உண்மைதான். ஆனால் அந்த லாரி பிரேக் போட்டால் உங்களால் நிறுத்த முடியாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

டயர் காற்று பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் சரியாகச் செய்வதில்லை. பஞ்சர் கடையில் "முப்பத்தஞ்சு வச்சிடவா?" என்று கேட்பார்கள், நாமும் தலையாட்டுவோம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றிரண்டு பேருக்கு ஓர் அளவு, குடும்பமும் சாமானும் நிறைந்தால் வேறு அளவு. ஊருக்குக் கிளம்பும் காலையில், டயர் சூடாவதற்கு முன் அந்த இரண்டாவது அளவை வையுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். கூடிவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப் தரப்பில் பார்க்க வேண்டியவை என்று உண்மையில் சில உண்டு. ஏர் ஃபில்டரைக் குறை சொல்வது வழக்கம். இன்ஜெக்‌ஷன் வைத்த பெட்ரோல் காரில் ஃபில்டர் அடைத்தால் இழுவைதான் குறையும், மைலேஜ் பெரிதாகக் குறையாது. நான் முதலில் பார்ப்பது, இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வை. வண்டி ஒருமுறை ஹீட் ஆனதும் "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராது. இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டி ஊற்றிக்கொண்டே இருக்கும். ஹைவேயில் போகும்போது டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு ஏறாமல் கீழேயே கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவது. இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். கடைசி சில கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் வந்து வண்டியை ஓரம் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் ரிம்முக்கும் அருகில், தொடாமல், உள்ளங்கையைக் காட்டுங்கள். நாலில் ஒன்று மட்டும் அனலாக வீசினால் அங்கே பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின் இறுகியிருக்கலாம், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் முழுசாக விடாமல் இருக்கலாம். ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினால் அந்தச் சக்கரம் அரைச்சுற்றில் நின்றுவிடும். சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் போதும், பெரிய செலவில்லை.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்கிறார்கள். ஓரளவு நிஜம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதற்கு ஒர்க்‌ஷாப்பில் மருந்து கிடையாது. மைலேஜ் கூடும் என்று சொல்லி, எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தத்தை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று வருகிறவர்கள் டிஸ்ப்ளேயில் காட்டும் எண்ணை மட்டும் நம்பி வராதீர்கள். பங்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். ஊர் போய்த் திரும்பியதும் அதே பங்கில், அதே பம்பில், மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். 420 கிலோமீட்டருக்கு 24.5 லிட்டர் என்றால் லிட்டருக்கு 17.1. எந்த வேகம், எத்தனை பேர், ஏசி ஓடியதா என்று பில்லின் பின்னாலேயே எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பயணத்துக்கு எழுதிய பிறகும் அதே வேகத்தில் எண் இறங்கிக்கொண்டே போனால், அந்த பில்களோடு மெக்கானிக்கிடம் வாருங்கள்.