கோடை இடிக்கு முன் எர்த் குழியைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை. சித்திரைக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் நல்ல இடியோடு மழை. மறுநாள் காலையில் ஆலையின் கணக்குப்பிள்ளை தன் செல்போனிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, ஆபீஸ் போன் எல்லாம் செத்துப்போச்சு. பெட்டி பழசாயிடுச்சு, புதுசா மாத்திடலாம்னு முதலாளி சொல்றாங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

கும்பகோணத்திலிருந்து கிளம்பிப் போனேன். டெல்டா முழுக்க ஆலை, மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று இன்டர்காம் பெட்டிகளைப் பார்ப்பதுதான் என் தொழில். "எல்லாம் செத்துப்போச்சு" என்றால் நான் முதலில் பெட்டியைத் திறப்பதில்லை. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒரு தாளில் எழுதச் சொல்வேன். அங்கே மொத்தம் 16 எக்ஸ்டென்ஷன், அதாவது பெட்டியோடு இணைந்த உள் போன்கள். அதில் 8 நன்றாகவே பேசியது. வெளி லைனும் வந்தது. டோன் இல்லாத 8-ம் பெட்டிக்குள் செருகியிருக்கும் ஒரே கார்டில் (சர்க்யூட் பலகையில்) இருந்தவை. எடைமேடைக்கும் பின்பக்கக் குடோனுக்கும் முற்றத்தின் மேலே கம்பி இழுத்து இணைப்பு கொடுத்திருந்தார்கள். அந்த இரண்டும் அதே கார்டில்தான். கார்டைக் கழற்றினால், அந்த இரண்டு போர்ட்டுக்குப் பக்கத்தில் கருகிய தடம்.

இடி நேராகப் பெட்டியில் விழ வேண்டியதில்லை. வெட்டவெளியில் நீளமாகப் போகிற கம்பிக்கு அருகில் மின்னல் இறங்கினாலே போதும், கம்பியில் பெரிய வோல்ட்டேஜ் எழும்பிவிடும். அதைப் பூமிக்குத் தள்ளிவிடத்தான் கம்பி உள்ளே நுழைகிற இடத்தில் அரெஸ்டர் போடுகிறோம். இங்கேயும் போட்டிருந்தார்கள். ஆனால் அதிலிருந்து இறங்கும் எர்த் கம்பி, எர்த் குழாய் புதைத்த குழியில் கிளாம்ப் இருக்கும் இடத்தில் களிம்பு பிடித்து ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. குழியைச் சுற்றி மண் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. போக வழி இல்லாத வோல்ட்டேஜ் கார்டு வழியாகப் போயிருக்கிறது.

நம் ஊர் மண்ணின் சங்கதி இது. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எந்தக் குழியும் ஈரமாகத்தான் இருக்கும், எர்த்தும் நன்றாகக் கிடைக்கும். மாசி, பங்குனி தாண்டினால் களிமண் காய்ந்து சுருங்கி, புதைத்த குழாயை விட்டே விலகிவிடும். கோடை இடி வருவது சரியாக அப்போதுதான். அதனால்தான் பங்குனியிலிருந்து வாரம் ஒருமுறை குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி எல்லோரையும் கெஞ்சுகிறேன். கரியும் உப்பும் போட்ட குழியானாலும் தண்ணீர் வேண்டும். இடி இடிக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்தேன். 22 வோல்ட். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். சில இடங்களில் எர்த் இல்லாததற்கு நியூட்ரலையே எர்த் முனையில் சேர்த்து முறுக்கி வைத்திருப்பார்கள். அங்கே மீட்டர் பூஜ்யம் காட்டும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நியூட்ரல் விட்டுப்போனால் பெட்டியின் உலோக உடம்பிலேயே கரண்ட் நிற்கும். ஆள் போய்விடும். உங்கள் எலக்ட்ரீஷியனிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள், எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

முதலாளியிடம் சொன்னேன்: "அய்யா, புதுப் பெட்டி வாங்கினாலும் அதுவும் இந்தக் குழியைத்தான் நம்பணும்." குழியைச் சரிசெய்து, பழைய கார்டு ஒன்றைத் தேடிப் போட்டோம். குடோன் கம்பியைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்கடியில் கொண்டுபோனோம்.

ஐப்பசி, கார்த்திகையில் வருகிற கோளாறு வேறு மாதிரி. மழை பெய்தால் கொரகொரவென்று இரைச்சல், வெயில் அடித்தால் சரியாகிவிடும். அது பெரும்பாலும் பெட்டியின் குற்றம் இல்லை, எங்கோ டேப் சுற்றிய ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சையாக இருக்கும். வெட்டி எறிந்துவிட்டு ஜெல்லி வைத்த கனெக்டர் போடுங்கள். பிரித்த கம்பியை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். மணி அடிக்கும் நேரத்தில் அதில் 75 வோல்ட் அளவுக்கு ஏசி வரும்.

இன்னொன்று, நிறையப் பேர் கவனிக்காதது. பழைய பெட்டியின் உள்ளே அமைப்புகளைக் காக்க ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது தீர்ந்த பிறகு கரண்ட் போனால், எந்த நம்பர் எந்த மேசை, யாருக்கு வெளி அழைப்பு அனுமதி என்ற எல்லாமே அழிந்து, பெட்டி தயாரித்த கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குப் போய்விடும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த பிறகு எனக்கு வந்த அழைப்புகளில் பாதி இந்தக் கதைதான். பெட்டி பழுதே இல்லை, மறந்துபோயிருந்தது. எழுதி வைத்த தாள் யாரிடமும் இல்லாததால் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டு நிரப்பினோம். அப்புறம் பேட்டரி கசிந்து போர்டின் தடங்களை அரித்த பெட்டிகளும் உண்டு. அந்த நிலைக்கு வந்துவிட்டால் ரிப்பேருக்குச் செலவு செய்யாதீர்கள், மாற்றிவிடுவதுதான் நல்லது.

லைனை ஃபைபருக்கு மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்புக் கம்பி இருந்தவரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே லைனுக்கு மின்சாரம் வந்தது, உங்கள் கட்டடத்தில் கரண்ட் போனாலும் சாதாரணப் போன் பேசும். ஃபைபர் மோடத்துக்கு உங்கள் கரண்ட் வேண்டும். பெட்டிக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்துவிட்டு மோடத்தைச் சுவர் பிளக்கில் விட்டிருந்தால், புயல் அன்று எடைமேடையோடு பேசலாம், வெளியே பேச முடியாது. இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பட்டியலை எழுதிப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டி, ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.